மொழி தெரியாமல் ஒரு கூத்து இரவு

பங்குனி பிறந்துவிட்டால் சேத்துப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் களைகட்டத் தொடங்கும். கொடி ஏறும், பிற்பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், இரவில் கூத்து. ஆடி முடியும் வரை போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் ஊரில் விடிய விடிய மத்தளமும் முகவீணையும் கேட்டுக்கொண்டிருக்கும். பகலெல்லாம் தறியிலும் வயலிலும் இருந்தவர்கள் ராத்திரி பாயும் போர்வையுமாக வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் சில சமயம் தமிழே தெரியாத ஒருவரும் உட்கார்ந்திருப்பதுண்டு. திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில் கூத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த வெளிநாட்டுக்காரராக இருக்கலாம், நாடகம் படிக்கும் மாணவராக இருக்கலாம், ஆரணிப் பட்டு வாங்க வந்த வடநாட்டு வியாபாரியாகவும் இருக்கலாம். எட்டு மணி நேரம் பாட்டும் வசனமுமாக ஓடும் நாடகத்தில் இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற கவலை அவரைவிட அவரைக் கூட்டிவந்தவருக்குத்தான் அதிகம். அந்தக் கவலைக்கு இடமில்லை. சத்தத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில், திறந்தவெளியில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் போய்ச் சேரும்படி வளர்ந்த கலை கூத்து. ஒரு சொல் காதில் விழாவிட்டாலும் கதை நகர்வது தெரிய வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு ஆரம்பிக்கும். ஆடும் இடமான களரியின் பின்பக்கம் ஒரு பெஞ்சு போட்டு ஆர்மோனியக்காரர், மத்தளக்காரர், முகவீணைக்காரர், தாளம் போடுபவர், பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் தூங்கப் போனவரையும் எழுப்பிக் கொண்டுவருகிற வாசிப்பு அது. பிறகு பிள்ளையார் துதி, சாமி பாட்டுகள். அடுத்து வருபவன் கட்டியக்காரன். அரண்மனைக் காவலன், தோழன், கோமாளி, கதை சொல்பவன் எல்லாம் அவன் ஒருவனே. விடியும் வரை அவன் களரியை விட்டு அதிகம் நகர்வதில்லை.

கட்டியக்காரனுக்குப் பிறகு திரை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் ராஜ வேஷக்காரர் வந்து நின்று பாட ஆரம்பிப்பார். பார்ப்பவருக்கு முதலில் சலங்கைச் சத்தம்தான் வரும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, திரைக்குக் கீழே கால், ஓரத்தில் ஒரு கை. கட்டியக்காரன் எதிரே நின்று ஏதோ கேட்பான், உள்ளிருந்து பதில் வரும். மத்தளம் வேகம் பிடித்து உச்சத்துக்குப் போகும் நேரத்தில் திரையை இழுத்துவிடுவார்கள். முழு வேஷமும் விளக்கு வெளிச்சத்தில் ஒரேயடியாக வெளிப்படும். வேஷக்காரர் களரியை வளைய வந்து சுழன்று ஆடுவார். வந்திருப்பவர் பெரிய ஆள், கோபக்காரர் அல்லது பெருமைக்காரர் என்பது ஒரு வார்த்தையும் புரியாதவருக்குக்கூட அந்த நிமிடமே தெரிந்துவிடும். உலகத்தில் எத்தனையோ வகை நாடகம் உண்டு. ஒரு பாத்திரத்தை இவ்வளவு நேரம் மறைத்து வைத்து, இவ்வளவு ஆசை காட்டி அறிமுகம் செய்கிற கலை அதிகமில்லை.

அடையாளம் கண்டுபிடிக்க வேஷமும் உதவும். அரசர்களுக்கும் பெரிய வீரர்களுக்கும்தான் கட்டை வேஷம். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டிய கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், இடுப்பில் விரிந்து நிற்கும் உடுப்பு. பெண் வேஷத்துக்கும் முனிவருக்கும் கட்டியக்காரனுக்கும் இது கிடையாது. முகத்தில் பூசும் அரிதாரத்துக்கும் கணக்கு உண்டு. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை அல்லது நீலம் என்பது பரவலான வழக்கம். நுணுக்கங்கள் ஜமாவுக்கு ஜமா, அதாவது குழுவுக்குக் குழு, மாறும். முடிந்தால் விருந்தாளியை ஒரு மணி நேரம் முன்னதாகவே அழைத்துச் சென்று, கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, வேஷம் கட்டும் இடத்தில் ஓர் ஓரமாக உட்கார வைப்பது நல்லது. கையில் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒருவர் தன் முகத்தில் தானே கோடு இழுப்பதையும், சாதாரண சட்டை வேட்டியில் வந்தவர் துணி மேல் துணியாகக் கட்டிக்கட்டிப் பெருத்துப்போவதையும் பார்த்துவிட்டவருக்கு, களரியில் அதே முகம் வரும்போது யாரென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சிலும் ஒரு வசதி இருக்கிறது. கூத்தில் முக்கியமான விஷயம் எதையும் ஒரே ஒரு தடவை சொல்லி விடுவதில்லை. முதலில் பாட்டாக வரும், பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள், பிறகு வேஷக்காரர் அதையே வசனமாக விரித்துச் சொல்வார், கடைசியில் கட்டியக்காரன் ஊர்ப் பேச்சில் கேள்வி கேட்டு உடைத்துப் போடுவான். நடுவில் கண் அசந்து எழுந்த பாட்டிக்கும் கதை விட்டுப்போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மொழி தெரியாதவருக்கும் இதே ஏற்பாடு கைகொடுக்கிறது. முதல் தடவை சைகையைப் பார்க்கலாம், இரண்டாம் தடவை எதிரே நிற்பவர் முகத்தை, மூன்றாம் தடவை பக்கத்தில் இருக்கும் ஜனங்களை.

இழப்பும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கட்டியக்காரனின் நகைச்சுவை பெரும்பாலும் போய்விடும். அவன் உள்ளூர் விஷயத்தை, அன்றைய விலைவாசியை, தேர்தலை, எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரை எல்லாம் பாரதக் கதைக்குள் இழுத்துப் போடுவான். அந்தச் சிரிப்பு அந்த ஊருக்கே உரியது. பாட்டின் சொல்நயமும் போய்விடும். வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து வந்த விருத்தத்தை வாத்தியார் ராகம் பிரித்து நீட்டும்போது பெரியவர்கள் தலையாட்டுவது எதற்கென்று வெளியாருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்ப்பதுதான் விருந்தாளிக்குச் செய்யும் பெரிய கெடுதல். காதில் ஒருவர் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தால் கண் களரியில் நிற்காது. கதையைச் சாயங்காலமே, சாப்பிடும்போது, கால் மணி நேரத்தில் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்காகச் சண்டை, இன்று ராத்திரி யார் சாகப்போகிறார் என்பது தெரிந்தால் போதும். ஊர் ஜனங்களும் முடிவு தெரிந்துதான் வருகிறார்கள்.

எந்த இரவுக்கு அழைத்துப் போவது என்பதிலும் யோசனை வேண்டும். பேச்சு அதிகமுள்ள கிருஷ்ணன் தூது முதல் தடவைக்கு உகந்ததல்ல. அர்ச்சுனன் தபசு நல்ல தொடக்கம். உயரமான மரத்தை நட்டு, அதன் உச்சியில் பலகை கட்டி வைத்திருப்பார்கள். பாசுபதம் வாங்கத் தவம் போகும் அர்ச்சுனன் படிப்படியாகப் பாடிக்கொண்டே மரத்தில் ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருப்பார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் விபூதியும் வீசுவார். முந்தானை ஏந்தி வாங்கிக்கொள்வார்கள். இதில் விளக்கம் கேட்க ஒன்றுமில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்கள் நடுவில் போகக் கூடாது என்பதை மட்டும் விருந்தாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

துகில் உரியும் இரவு வேறு மாதிரி. துச்சாதனன் புடவையில் கை வைக்கும் நேரம் நெருங்கும்போது பல ஜமாக்களில் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றி, வேஷக்காரர்கள் அம்மனைக் கும்பிட்டு, செய்யப்போகும் காரியத்துக்கு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தொடர்வார்கள். கூட்டத்தில் சிலருக்குச் சாமி வந்துவிடும். வேஷக்காரருக்கே ஆவேசம் வந்து நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. நாடகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்ற கோடு அந்த நேரத்தில் ஊராருக்கே அழிந்துபோகிறது. வெளியாள் ஒருவர் அதைப் பார்த்துப் பயப்படலாம், அழலாம். புரியாமல் மட்டும் போகாது.

விழாவின் கடைசி நாள் காலை படுகளம். களிமண்ணால் துரியோதனன் உருவத்தைத் தரையில் மல்லாந்து கிடப்பது போலப் பெரிதாகச் செய்து, வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடிய வீமனும் துரியோதனனும் வெயில் ஏற ஏற அந்த உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். கடைசியில் வீமனின் அடி தொடையில் விழும். உள்ளே ஒளித்து வைத்த சிவப்பு நீர் வெளிப்படும். விரித்த கூந்தலோடு நிற்கும் திரௌபதி அதைத் தலையில் தடவிக் கூந்தலை முடிவாள். அன்று மாலை தீமிதி. ஒரே ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது என்று சொல்லும் விருந்தாளிக்கு இந்த நாளைத்தான் சொல்ல வேண்டும்.

நடைமுறை விஷயங்கள் எளிமையானவை. கூத்துக்கு டிக்கெட் கிடையாது. தரையில்தான் உட்கார வேண்டும் என்பதால் பாயோ விரிப்போ கொண்டுபோக வேண்டும். பல ஊர்களில் ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கமாக உட்காருவார்கள். அதைக் கவனித்து உட்கார்ந்தால் நல்லது. பெஞ்சுக்கும் ஆட்டக்காரருக்கும் குறுக்கே நடக்கக் கூடாது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. அன்பளிப்பாகப் பணம் கொடுத்தால் கட்டியக்காரன் மைக்கில் பெயரைச் சொல்லிப் புகழ்வான். வெளிநாட்டுப் பெயரை அவன் உச்சரிக்கிற அழகுக்கே கூட்டம் கைதட்டும், மொழி தெரியாத விருந்தாளி ஊருக்குள் சேர்ந்துவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். இரண்டு, மூன்று மணிக்குத் தூக்கம் அழுத்தும்போது டீக்கடைக்குப் போய்வரலாம், பாயில் கொஞ்சம் படுக்கலாம். அது அவமரியாதையில்லை. ஊரே அப்படித்தான் பார்க்கிறது. கடைசிப் பேருந்து போய்விட்டால் விடியற்காலைப் பேருந்துதான் என்பதை நினைவில் வைத்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இப்படி வெளியாட்களாக வந்து உட்கார்ந்தவர்களில் சிலர் கூத்தைப் பற்றி நமக்கே சொல்லிக்கொடுக்கும் நிலைக்குப் போனார்கள். அமெரிக்கரான ஆல்ஃப் ஹில்டபைட்டல் செஞ்சிப் பகுதியிலிருந்து தொடங்கித் திரௌபதி வழிபாட்டை ஊர் ஊராகத் தொடர்ந்து ஆராய்ந்து, 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தை மகாபாரத அரங்காக விளக்கி எழுதிய நூல் 1990-ல் ஹவாய் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்த ஹன்னே டி புரூயின், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலைத் திருமணம் செய்துகொண்டு காஞ்சிபுரம் பக்கமே தங்கிவிட்டார். 1990-ல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்திலும், புஞ்சரசந்தாங்கலில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்த குருகுலத்திலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த களரிக்குப் பெண் பிள்ளைகள் பயிற்சி பெற்று வந்தது அந்தக் குருகுலத்தின் சாதனைகளில் ஒன்று.

கூத்து வெளியே போன கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமம் பல தலைமுறைகளாகக் கூத்து நடத்திவரும் தம்பிரான் குடும்பத்தின் ஊர். 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியை ஈர்த்தது புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்துதான். அதே குடும்பத்தின் கண்ணப்ப சம்பந்தனிடம் பாரிசின் தியேத்ர் து சொலெய் குழுவினர் கூத்துப் பயின்றார்கள். அந்தக் குழுவை நடத்துபவர் அரியான் முனூஷ்கின். புதுச்சேரியில் நடப்பதாக அமைந்த ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற அவர்களுடைய நாடகம் 2016 நவம்பரில் பாரிசை ஒட்டிய வென்சென் காட்டு அரங்கில் மேடையேறியது. அதில் பாரதக் கூத்துக் காட்சிகள் அப்படியே வந்தன. பல நாடுகளைச் சேர்ந்த நடிகர்கள் கட்டை வேஷம் கட்டி, தமிழிலேயே பாடி ஆடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கிலும் அது நடந்தது. பாடியவருக்கும் தாய்மொழி தமிழில்லை, பார்த்தவருக்கும் தமிழ் தெரியாது. திரௌபதி சபையில் நின்று கேட்ட கேள்வி இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

பாரிசுக்கு முன்பே, யாரும் திட்டமிடாமல், இதே காரியம் இந்தியப் பெருங்கடலில் நடந்திருக்கிறது. 1848-ல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்காக ரீயூனியன் தீவுக்குப் போன தமிழர்கள் இரவு முழுக்க நடக்கும் நாடகத்தையும் கொண்டுபோனார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டுப் பேச்சு கிரியோல் ஆனது, பள்ளிப் பேச்சு பிரெஞ்சு ஆனது. நாடகம் நிற்கவில்லை. ‘பால் தமூல்’ என்றும் ‘நார்ல்கோன்’ என்றும் அதற்கு அங்கே பெயர். ‘வார்த்தியால்’ என்று அழைக்கப்படும் வாத்தியார் பாட்டைத் தமிழில் பாடி, கதையைக் கிரியோலில் எடுத்துச் சொல்வார். பாடும் சொல்லின் பொருள் முழுக்கத் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக ஓர் இரவு நாடகத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது சாதாரணக் காரியமில்லை. அந்தத் தீவுக்காரர்களுக்குத் தமிழ்நாடு இன்னும் அதிக நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

திசை மாறி, தமிழர் ஒருவர் மொழி தெரியாத நாட்டில் இரவைக் கழிக்க நினைத்தால் முதலில் போக வேண்டிய இடம் ஜாவா. யோக்யகர்த்தா, சோலோ ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், விருத்தசேதனச் சடங்கு, ஊர்ச் சுத்திகரிப்பு என்று ஏதாவது ஒரு விசேஷத்துக்கு வாயாங் குலித் என்ற தோல்பாவை நிழற்கூத்து வைப்பார்கள். ராத்திரி ஒன்பது மணியளவில் தொடங்கி விடியும் வரை போகும். யுனெஸ்கோ 2003-ல் மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்த கலை அது. கதைகளில் பெரும்பகுதி மகாபாரதம். பார்க்க வருபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

நடத்துபவர் பெயர் டாலாங். ராத்திரி முழுக்கச் சம்மணம் போட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்து, எல்லாப் பாத்திரத்துக்கும் அவரே குரல் கொடுப்பார். கையில் பாவை, பக்கத்து மரப்பெட்டியை ஒரு கட்டையால் தட்டியும், கால் விரலால் உலோகத் தகடுகளை இடித்தும் கமெலான் இசைக்குழுவுக்குக் குறிப்பு கொடுப்பார். பாண்டவர் பக்கம் அவருக்கு வலது, கௌரவர் பக்கம் இடது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கதை கைக்குள் வந்துவிடும். மீதிக்குப் பாவையின் முகம் இருக்கிறது. ஒல்லியான கண், தாழ்ந்த பார்வை, மெலிந்த உடம்பு என்றால் அர்ச்சுனன் போன்ற பண்பாளர்கள். உருண்டைக் கண், நிமிர்ந்த மூக்கு, பருத்த உடம்பு என்றால் முரடர்கள் அல்லது அரக்கர்கள். வீமனை அவன் நீண்ட கட்டைவிரல் நகத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

நடு ராத்திரி கடந்ததும் செமார் என்ற தொந்திக்காரர் தன் பிள்ளைகள் கரெங், பெத்ருக், பகோங் ஆகியோரோடு வருவார். கட்டியக்காரனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர்கள் யாரென்று சொல்லித்தர வேண்டாம். இவர்களும் அன்றைய ஊர் விவகாரத்தைப் பேசிச் சிரிக்க வைப்பார்கள், அது வெளியாருக்கு விளங்காது. செமார் கோமாளி உருவில் இருக்கும் தெய்வம் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஜனங்கள் அவரிடம் காட்டும் பாசம் விளங்கும். தமிழருக்கு ஆச்சரியம் தரும் இடங்களும் உண்டு. ஜாவாவில் திரௌபதி தருமரின் மனைவி மட்டுமே. சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி என்ற வில்லாளிப் பெண், அர்ச்சுனனின் மனைவிகளில் ஒருத்தி. தெரிந்த கதை என்ற தைரியத்தில் அசட்டையாக உட்கார்ந்தால் இந்த இடங்களில் தடம் புரண்டுவிடும். அங்கேயும் சாயங்காலமே யாரிடமாவது அன்றைய கதையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதுதான் வழி.

திரைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் வண்ணப் பாவைகளும் டாலாங்கும் இசைக்காரர்களும். முதல் தடவை போகிறவர்கள் பாதி ராத்திரி ஒரு பக்கம், பாதி ராத்திரி மறுபக்கம் இருந்து பார்ப்பது நல்லது. கூனுங்கான் என்ற மலை வடிவப் பாவையைத் திரை நடுவில் நட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

இரவு முழுக்க உட்கார முடியாதவர்களுக்கு யோக்யகர்த்தாவின் சோனோபுடோயோ அருங்காட்சியகத்தில் மாலைக் காட்சிகள் உண்டு, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிரம்பானான் கோயில் அருகே 1961 முதல் நடந்துவரும் ராமாயண நாட்டிய நாடகம் வசனமே இல்லாமல், ஆட்டத்தையும் இசையையும் மட்டும் நம்பி அமைக்கப்பட்டது. மழையில்லாத மே முதல் அக்டோபர் வரையான மாதங்களில் திறந்தவெளி மேடையிலும், மற்ற மாதங்களில் அரங்கத்துக்குள்ளும் நடக்கிறது.